கமத்து இயந்திரங்களுக்கான எஞ்சின் எண்ணெய்: தெரிவும் சேமிப்பும்



சேற்றுழவுக்கு இரு சில்லு உழவு இயந்திரம், பெட்டி இழுக்க நான்கு சில்லு உழவு இயந்திரம், மரக்கறித் தோட்டத்திற்கு நீர் இறைக்கும் இயந்திரம், சந்தைக்கு லொறி, வயலுக்குச் சென்றுவர மோட்டார் சைக்கிள் என ஒரே கொட்டிலில் இன்று பல எஞ்சின்கள் நிற்கின்றன. இவை யாவற்றுக்கும் ஒரே பீப்பாவிலிருந்து எண்ணெய் வார்ப்பது தவறாகும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை வாங்கி ஏழெட்டுத் தகரங்களை அடுக்குவதும் வீணே. அவை மாறிப்போவதற்கும் அதுவே வழியாகும். மூன்று நான்கு வகைகளே போதுமானவை.

எண்ணெயின் தரத்தை நிறத்தைப் பார்த்தோ விரலிடையே தேய்த்தோ அறிய முடியாது. தகரத்தில் அச்சிடப்பட்ட இரு குறிகளைப் பாருங்கள். முதலாவது பாகுநிலையைக் காட்டும் எஸ்.ஏ.ஈ. எண்ணாகும். 15டபிள்யூ-40 என்பதில் முன்னெண் குளிரிலும், பின்னெண் எஞ்சின் சூடேறிய நிலையிலும் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் குறிக்கும். எமது சமவெளியில் உறைகுளிர் இல்லையாதலாற் பின்னெண்ணே முக்கியமானது. இரண்டாவது ஏ.பி.ஐ. தரக்குறி. ‘சி’ எனத் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும், ‘எஸ்’ எனத் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும் உரியது. சி.ஐ.-4, எஸ்.எல். என இரு குறிகளையும் ஒருங்கே கொண்ட 15டபிள்யூ-40 எண்ணெய், கைந்நூல்கள் இடமளிக்குமாயின், இரு வகை உழவு இயந்திரங்களுக்கும் பழைய லொறிக்கும் பெற்றோலில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் பொதுவாகப் பயன்படும். புகைவடிகட்டி பொருத்திய புதிய லொறிக்கு மட்டும் அதன் கைந்நூல் கூறும் எண்ணெயையே வாங்க வேண்டும்.

பொது எண்ணெய் பொருந்தாத இடங்கள் மூன்றுள. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளச்சுத் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே தோய்ந்திருக்கும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் எண்ணெயை அவற்றில் வார்த்தாற் கிளச்சு வழுக்கும், ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. குறியுள்ளதே அவற்றுக்கு ஏற்றது. பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஓடும் இரண்டடிப்புப் புல்வெட்டிக்கும் தெளிகருவிக்கும் இரண்டடிப்பு எண்ணெய் வேறாக வேண்டும். நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் கியர்ப் பெட்டி, பாரந்தூக்கி, எண்ணெயில் தோய்ந்த தடுப்பு ஆகியவற்றுக்கும் தனி எண்ணெய் உண்டு.

டீசல் எஞ்சினில் வார்த்த புது எண்ணெய் விரைவிற் கறுப்பதைக் கண்டு, அது மட்டமானதென எண்ணற்க. கரியைத் தன்னுள் தாங்கி நிற்பதே அதன் பணி.

இனிச் சேமிப்பைக் கவனிப்போம். நல்ல எண்ணெய் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். விதை நெல்லை ஈரம் அணுகாது காக்கும் கமக்காரரே, பணங்கொடுத்து வாங்கிய எண்ணெய்ப் பீப்பாவை மாரி மழையில் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைக்கின்றார். மூடி இறுக்கமாயுள்ளதே, நீர் எவ்வாறு புகும் என வினவலாம். பகல் வெயிலிற் பீப்பாவினுள்ளிருக்கும் காற்றும் எண்ணெயும் விரிவதாற் சிறிது காற்று வெளியேறும். இரவிற் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலுள்ளது உள்ளே இழுக்கப்படும். பீப்பாவின் தலையில் மழைநீர் தேங்கி நின்றால், காற்றுக்குப் பதிலாக அந்நீரே மூடியின் புரியூடாக இறங்கும். இது நாள்தோறும் நிகழ்வதால் ஒரு பெரும்போகத்தினுள் அடியில் நீர் சேர்ந்துவிடும்.

ஆகையாற் பீப்பாவைக் கூரையின் கீழ், மரக்கட்டைகள் மீது படுக்கையாக வையுங்கள். இரு மூடிகளும் ஒரே மட்டத்தில், ஒன்று இடப்புறமும் மற்றையது வலப்புறமுமாக இருத்தல் வேண்டும். நிறைந்த பீப்பாவில் அப்போது மூடிகளின் உட்புறத்தை எண்ணெய் மூடி நிற்பதாற் காற்று உட்புகாது. வெளியே நிறுத்தியே ஆகவேண்டுமெனின், தறப்பாளால் மூடி, அடியில் ஒரு கட்டையிட்டுச் சரித்து வையுங்கள். நீர் சேரும் தாழ்ந்த ஓரத்தில் எந்த மூடியும் அமையலாகாது. யூரியா மூடைகளும் பூச்சிநாசினியும் உள்ள அறையில் எண்ணெய் வேண்டாம்.

நீருக்கு அடுத்த பகை தூசு. சூடடிப்புக் காலத்திற் கொட்டிலெங்கும் பதர்த்தூசு பறக்கும். ஒவ்வொரு வகைக்கும் மூடியுள்ள அளவுக் கலனும் புனலும் தனித்தனியே வைத்து, அவற்றில் நிறப்பூச்சு அடையாளமிடுங்கள். பூச்சிநாசினிப் போத்தலை எண்ணெய்க்குப் பயன்படுத்தவே கூடாது.

எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் நீர் கலந்திருக்கிறது. ஐயமிருப்பின், பெற்றோலுக்கு அப்பால், நன்கு சூடாக்கிய தகரத்தில் ஒரேயொரு துளி விட்டுச் சற்று விலகி நில்லுங்கள். சடசடவெனப் பொரிந்தால் நீருண்டு; அதனை எஞ்சினில் வார்க்காதீர். சேற்றுழவு முடிந்ததும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் அளவுகோலையும் இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் எண்ணெயை மாற்றி, நீர் புகுந்த வழியையும் தேடுங்கள்.

கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக அது குடிநீருள் இறங்கிவிடும். மூடியுள்ள கலனிற் சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். தோலிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.