பூமியின் பேரேடு



கடை ஒன்றை வாடகைக்குப் பிடிக்கும் முன்னர் நாம் என்னென்ன விசாரிக்கிறோம்? ஆள் நடமாட்டம் உண்டா, வாடகை கட்டுப்படியாகுமா, பத்திரம் சரிதானா என்று பார்க்கிறோம். கடை நிற்கும் மண் எப்படிப்பட்டது, அஃது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. மண் என்றும் இருந்தபடியே இருக்கும் என்பது நம் எண்ணம். உண்மை அவ்வாறன்று. மலை தேய்கிறது, பள்ளம் தூர்கிறது, கடல் ஏறியும் இறங்கியும் வருகிறது. துறைமுகங்களை நம்பிச் சபுர் செய்து பிழைத்த நம் முன்னோர்க்கு இது வெறும் ஏட்டுப் படிப்பன்று. பிழைப்பைப் பற்றிய விஷயம். நமக்கும் அப்படியே. ஆகவே இப்பாடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மண்ணை மாற்றும் சக்திகள்

பூமியின் மேற்பரப்பை மாற்றும் இயற்கைச் சக்திகள் இரு வகைப்படும். நிலநடுக்கம், எரிமலை, நிலம் மெல்ல உயர்தல், தாழ்தல் ஆகியவை பூமியின் உள்ளிருந்து வேலை செய்பவை. வெயில், மழை, ஆறு, காற்று, கடலலை ஆகியவை வெளியிலிருந்து வேலை செய்பவை. உட்சக்தி பெரும்பாலும் மேட்டை எழுப்புகிறது. வெளிச்சக்தி அம்மேட்டைக் கரைத்துப் பள்ளத்தை நிரப்புகிறது.

வெளிச்சக்தியின் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதலாவது, பாறை உளுத்துப்போதல். வெயிலும் மழைநீரும் மரத்தின் வேரும் சேர்ந்து கெட்டிப் பாறையையும் நாளடைவில் பொடியாக்கிவிடுகின்றன. இரண்டாவது, சுமந்து செல்லுதல். அந்தப் பொடியை மழைநீர் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் கொண்டு சேர்க்கிறது. மூன்றாவது, இறக்கி வைத்தல். ஆற்றின் வேகம் குறையக் குறைய, கனமான சுமை முதலில் விழும். முதலில் கல், பிறகு மணல், கடைசியில் நுண்ணிய களிமண். ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அதன் வேகம் அடங்கிவிடுகிறது. ஆகையால் அங்கேதான் மணலும் களியும் குவிகின்றன.

நம் பேரேட்டில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறு பக்கம் வரவு எழுதியாக வேண்டும் அல்லவா? பூமியின் கணக்கும் அதுவே. மலையில் குறைந்த மண் எங்கோ ஓரிடத்தில் வரவாக இருக்கும். அந்த இடம் நம் ஊராகவும் இருக்கலாம்.

செங்காங்கின் மண்

சிங்கப்பூரின் நடுவே நிற்கும் புக்கிட் தீமா குன்று ஏறத்தாழ 163 மீட்டர் உயரமுள்ளது. அது கருங்கல்லால் ஆனது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, ஆறி இறுகிய கல் அது. அதன் மேலிருந்த மண்ணும் கல்லும் தேய்ந்து போனபடியால் இன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இவ்வூரில் அந்தக் கருங்கல்லும் மேற்புறத்தில் உளுத்துச் செம்மண்ணாகிக்கொண்டே இருக்கிறது.

செங்காங் அப்படிப்பட்ட கல்நிலம் அன்று. பொங்கோல், செங்காங் தொடங்கித் தெம்பனிஸ், பிடோக், சாங்கி வரை தீவின் கிழக்குப் பகுதியின் அடியில் பெரிதும் கிடப்பது ‘பழைய வண்டல்’ என்று அழைக்கப்படும் மண். பன்னெடுங்காலத்துக்கு முன்பு ஓடிய ஆறுகள் கொணர்ந்து கொட்டிய மணலும் சரளையும் களியும் கலந்தது அது. கட்டடங்களுக்கு வேண்டிய மணலை ஒரு காலத்தில் இம்மண்ணிலிருந்தே தோண்டி எடுத்தார்கள். இன்றைய பிடோக் நீர்த்தேக்கம் முன்னர் மணல் தோண்டிய பள்ளமே.

செங்காங்கின் ஊடே சுங்கை பொங்கோல், ஒரு புறம் சுங்கை சிராங்கூன். இவ்விரு ஆறுகளுக்கு இடையில் அமைந்த மேட்டில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. செங்காங் என்னும் சீனப் பெயருக்குச் செழிப்பான துறைமுகம் என்று பொருள். சிராங்கூன் ஆற்றங்கரையில் கங்கார் என்னும் மீனவர் கிராமம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. இப்போது துறையும் இல்லை, தோணியும் இல்லை. இரு ஆறுகளின் வாயிலும் அணை கட்டப்பட்டு, 2011ஆம் ஆண்டு முதல் அவை நன்னீர்த் தேக்கங்களாகிவிட்டன. முன்பு கடலுக்குப் போன வண்டல் இனித் தேக்கத்துக்குள்ளேயே படியும். மனிதன் ஆற்றை நிறுத்தலாம். ஆற்றின் கணக்கை நிறுத்த முடியாது.

இனி, கடலின் கணக்கைப் பார்ப்போம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் நீரில் ஒரு பெரும் பங்கு பனிக்கட்டியாக நிலத்தின் மேல் இருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூர் தீவே அன்று. மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. பின்னர்ப் பனி உருகிக் கடல் ஏறிற்று. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கடல்நீர் புகுந்து மென்மையான களியைப் படிய வைத்தது. காலாங், ரோச்சோர், தேக்காப் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களின் அடியில் அந்தக் கடற்களி இருக்கிறது. பாரம் ஏற்றினால் அது மெல்ல அமுங்கும். அதனால்தான் இங்கே பெரிய கட்டடம் எழுப்புவோர் களியைத் துளைத்து, உறுதியான அடிமண் வரை தூண்களை இறக்குகிறார்கள்.

காயல் கற்பிக்கும் பாடம்

இப்போது தாயகத்துக்கு வருவோம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, மலை மண்ணைச் சுமந்துகொண்டு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் முகத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க, உரோம நாட்டினரும் அதன் பெயரை அறிந்திருந்தார்கள். ஆனால் கொற்கை இன்று கடலோரத்தில் இல்லை. பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது.

கடல் விலகவே, வாணிபமும் கடலைத் தேடி நகர்ந்தது. காயல் தலையெடுத்தது. காயல் என்றாலே கடலையடுத்த உப்புநீர்ப் பரப்பு என்பதுதானே பொருள்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஹொர்முஸ் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்து இறங்கும் பெருந்துறை என்று அதனைக் குறிப்பிட்டிருக்கிறார். காலப்போக்கில் அதையும் வண்டல் விடவில்லை. அவ்விடம் இன்று பழைய காயல் எனப்படும், கடலுக்குச் சற்று உள்ளே அமைந்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல், இவ்விடங்களை ஆராய்ந்து இந்த மாற்றத்தை எழுதி வைத்தார். ஆற்றின் வாயில் இன்று இருப்பது புன்னைக்காயல்.

துறை தூர்வது ஒரே நாளில் நடப்பதன்று. முதலில் பெரிய கப்பல் தொலைவில் நிற்கும். சரக்கிறக்கத் தோணி வேண்டியிருக்கும். தோணிக்கூலி ஏறும். பிறகு சிறு கப்பலும் வேறு துறையைத் தேடும். கூலி ஏறும்போதே காரணத்தை விசாரித்தவன் பிழைப்பான். கப்பல் வராத பிறகு விசாரிப்பவனுக்கு மிஞ்சுவது பழம்பெருமை மட்டுமே.

திடீரென வரும் மாற்றம்

எல்லா மாற்றமும் இவ்வளவு மெதுவாக நடப்பதில்லை. இலங்கைக்குப் போகும் வியாபாரிகள் கப்பலேறிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் அழிந்தது. 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்து நகர்ந்தது. அதனால் எழுந்த பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அதே நாளில் பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து போயிற்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சிங்கப்பூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் அது பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. சிங்கப்பூருக்கும் பெருமழை புதிதன்று. 1978 டிசம்பர் 2ஆம் தேதி, செங்காங்கிற்கு அருகிலுள்ள பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பதிவாயிற்று.

நாம் செய்ய வேண்டியது

இப்போது கடல் மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. பூமி வெப்பமாவதால் நிலத்திலுள்ள பனி உருகுகிறது. கடல்நீரும் சூடேறி விரிகிறது. சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 2100ஆம் ஆண்டுக்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று சிங்கப்பூர் பருவநிலை ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இத்தீவின் நிலப்பரப்பில் சுமார் 30 சதவீதம் கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டருக்கும் தாழ்ந்தது. அரசாங்கம் இதை முன்பே கருதி, கடலைத் தூர்த்து எடுக்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரத்தை 2011இல் மூன்று மீட்டரிலிருந்து நான்கு மீட்டராக்கியது.

அரசாங்கம் இவ்வளவு முன்யோசனை செய்யும்போது நாம் சிறிதாவது செய்ய வேண்டாமா? இங்கே கடையோ கிட்டங்கியோ பிடிக்கும்போதும், ஊரில் வீட்டுமனை வாங்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இவ்விடம் முன்பு என்னவாக இருந்தது? சதுப்பா, குளமா, ஆற்றின் பழைய வழியா? பெருமழை பெய்தால் நீர் எவ்வழியே வடிகிறது? பக்கத்து நிலத்தை விட இது மேடா, பள்ளமா? அவ்விடத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் குடியிருக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டால் பத்திரத்தில் இல்லாத சங்கதியும் தெரியவரும். தாழ்ந்த இடமானால் அரிசி, சீனி மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை போட்டு உயர்த்தி வைப்போம். கணக்குப் புத்தகங்களை மேல்தட்டில் வைப்போம்.

பிள்ளைகளுக்கும் இதைச் செய்துகாட்டலாம். அகன்ற தட்டின் ஒரு பக்கத்தில் மணலும் களிமண்ணும் கலந்து குவியுங்கள். மறு பக்கத்தில் சிறிது நீர் நிற்கட்டும். குவியலின் உச்சியில் கெண்டியால் மெல்ல நீர் ஊற்றுங்கள். நீர் வாய்க்கால் அறுப்பதையும், மணல் கீழே விசிறிபோல் விரிவதையும், களி நிற்கும் நீர்வரை போய்ப் படிவதையும் அவர்கள் கண்ணாரக் காண்பார்கள். கொற்கையிலும் காயலிலும் நடந்தது அதுவே. தட்டில் ஐந்து நிமிஷத்தில் முடிவது அங்கே பல நூறாண்டுகள் எடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.