தேய்ந்த கார்புரேட்டரும் திருகாணி வைத்தியமும்



போன மாதம் இந்தச் சுவரில் பெர்னௌலி தத்துவம் பற்றி ஒரு நண்பர் எழுதியிருந்தார். படித்துவிட்டு, "இது பரீட்சைக்கு மட்டும்தானே, வேற எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். அதே தத்துவத்தில் ஓடும் ஒரு கருவியைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மாமாவிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. திருமங்கலம் ரோட்டில் சிக்னலில் நின்றால் போதும், இன்ஜின் குலுங்கி அணைந்துவிடும். "பெட்ரோல் பத்தலை போல மாமா" என்று சொல்லி, கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டும் நட்டை நானே திருகினேன். நின்றது ஓடியது! எனக்கு ஒரே பெருமை. ஆனால் இரண்டு வாரத்தில் மைலேஜ் விழுந்தது, ஸ்பார்க் பிளக் கரி பிடித்தது, புகையும் கருப்பாக வந்தது. பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. ஆயில் கேனில் இருந்து இரண்டு சொட்டு எண்ணெயை ஓர் இடத்தில் விட்டார். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது! "தம்பி, பெட்ரோல் பத்தாம இல்லை. காத்து திருட்டுத்தனமா உள்ளே போகுது. நீ அதைப் பார்க்காம நட்டைத் திருகிட்டே" என்றார்.

அவர் எண்ணெய் விட்ட இடம் எது? அதுதான் இன்றைய பாடம்.

ஸ்போர்ட்ஸ் காரும் அம்பாசடரும் சொந்தக்காரர்கள்!

எம்.ஜி. என்பது இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது 1489 சி.சி. கொண்ட 'பி-சீரிஸ்' இன்ஜின். நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகளில் பல்லாண்டு நின்ற அம்பாசடரிலும் அதே குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின்தான் இருந்தது! எம்.ஜி.யில் எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டர் இரண்டு. அம்பாசடரில் ஒன்றுதான், பல அம்பாசடர்களில் அதுவும் எஸ்.யு.வே. ஆகவே இந்தப் பாடம் வெளிநாட்டுப் பந்தயக் காருக்கும் பொருந்தும், மாமா காருக்கும் பொருந்தும்.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது சுமார் 13 கன மீட்டர், அதாவது ஒரு சின்ன அறை நிறையக் காற்று! இந்தக் கலவையைச் சரியாகக் கலப்பதே கார்புரேட்டரின் வேலை.

காற்று குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தில் 'ஜெட்' என்ற சிறு குழாய் இருந்தால் பெட்ரோல் தானாக மேலே உறிஞ்சப்படும். எஸ்.யு.வின் சிறப்பு என்னவென்றால், அந்தக் குறுகலான வழியே பெரிதாகும், சிறிதாகும். காற்று கூடினால் ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் கூம்பு வடிவ ஊசி (நீடில்) ஒன்று ஜெட்டுக்குள் தொங்குகிறது. பிஸ்டன் ஏற ஏற ஊசியின் மெல்லிய பகுதி வரும், ஓட்டை பெரிதாகும், பெட்ரோல் கூடும். ஆக்சிலேட்டரைத் திடீரென மிதித்தால் பிஸ்டன் துள்ளாமல் இருக்க, மேலே உள்ள டாஷ்பாட்டில் கொஞ்சம் ஆயில் ஊற்றியிருப்பார்கள்.

பிஸ்டனைத் தாண்டி, இன்ஜின் பக்கமாக ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறப்பது அதுதான். அது திரும்புவதற்கான அச்சின் பெயர் த்ராட்டில் ஸ்பிண்டில். மெக்கானிக் எண்ணெய் விட்டது இந்த ஸ்பிண்டிலின் முனையில்!

எங்கெல்லாம் தேயும்?

1. த்ராட்டில் ஸ்பிண்டில்: ஆயிரக்கணக்கான முறை திரும்பித் திரும்பி அச்சும் தேயும், அது நுழையும் ஓட்டையும் முட்டை வடிவமாகும். மேலூர், உசிலம்பட்டி ரோட்டுப் புழுதி அதில் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி!
2. ஊசியும் ஜெட்டும்: ஊசி நடுவில் நிற்காமல் ஓரமாக உரசினால் ஜெட் ஓட்டை கோணலாகும். பெட்ரோல் வீணாகும்.
3. ப்ளோட் வால்வு: தொட்டியில் பெட்ரோல் நிறைந்ததும் அடைக்க வேண்டிய ஊசி வால்வு தேய்ந்தால் பெட்ரோல் வழியும்.
4. பிஸ்டனும் அதன் மேல் கூண்டும்: இவை ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒரு காரின் பிஸ்டனை இன்னொரு கூண்டில் போடக் கூடாது. உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

ஸ்பிண்டிலின் விட்டம் 8 மி.மீ., தேய்ந்த ஓட்டை 8.15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். "0.15 மி.மீ. தானே!" என்று தோன்றும். இடைவெளியின் பரப்பைப் பாருங்கள்:

(π ÷ 4) × (8.15² − 8²) = சுமார் 1.9 ச.மி.மீ.

ஒரு ஸ்பிண்டிலுக்கு இரண்டு முனை. எம்.ஜி.யில் இரண்டு கார்புரேட்டர். ஆக நான்கு முனை: 4 × 1.9 = 7.6 ச.மி.மீ. இது 3 மி.மீ.க்கும் சற்றுப் பெரிய விட்டமுள்ள ஒரு துளைக்குச் சமம்!

இந்தக் காற்று ஜெட்டைத் தாண்டிய பிறகு நுழைவதால் பெட்ரோலே இல்லாமல் போகிறது. இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், உறிஞ்சும் வேகமோ அதிகம். அப்போது இந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது, அதனால்தான் சிக்னலில் அணைகிறது. வேகமாகப் போகும்போது தகடு அகலத் திறந்திருக்கும், திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை.

நான் செய்த தப்பு இப்போது புரிகிறதா? எஸ்.யு.வில் ஜெட் நட்டைத் திருகினால் ஐடிலிங்கில் மட்டும் அல்ல, எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடும். நிற்கும்போது சரியானது, ஓடும்போது அளவுக்கு மீறியது. கரியும் புகையும் வந்தது அதனால்தான்.

சரி செய்யும் முறை

முதலில் சோதனை. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஸ்பிண்டில் முனைகளில் இரண்டு சொட்டு கெட்டி ஆயில் விடணும். சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது. பிறகு இன்ஜினை அணைத்து, ஸ்பிண்டிலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் விரலிலேயே தெரியும்.

அடுத்து கழற்றுதல். தகடு எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பித்தளைத் திருகுகளைக் கழற்றி ஸ்பிண்டிலை உருவி, தேய்ந்த இடத்தையும் தேயாத இடத்தையும் மைக்ரோமீட்டரால் அளக்கணும். நம் இயற்பியல் லேபில் பார்த்த அதே திருகு அளவிதான்! அச்சு மட்டும் தேய்ந்திருந்தால் புது ஸ்பிண்டில் போதும். ஓட்டையும் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போகணும். அங்கே ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் அடித்து, ரீமர் போட்டு அளவு எடுப்பார்கள். இரண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. கை டிரில்லில் போட்டால் கோணிக்கொள்ளும், ஸ்பிண்டில் இறுகும், ஆக்சிலேட்டர் திரும்பி வராது. அது பெரிய ஆபத்து!

மாட்டும்போது தகட்டை மூடி நடுவில் உட்காரவைத்த பிறகே திருகுகளை இறுக்கணும். புதுத் திருகுதான் போடணும், அதன் நுனியைப் பிளந்து விரித்துவிடணும். இல்லாவிட்டால் என்றாவது கழன்று இன்ஜினுக்குள்ளேயே விழும்.

பிஸ்டன் சோதனையும் செய்யலாம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனின் சிறு துளைகளை அடைத்து, டேம்பரை மாட்டித் தலைகீழாகப் பிடித்தால் கூண்டு மெல்லக் கீழே இறங்கும். ஒன்றரை அங்குல எஸ்.யு.வில் அதற்கு 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். சட்டென்று விழுந்தால் தேய்மானம். நின்று நின்று விழுந்தால் அழுக்கு அல்லது நசுங்கல்.

ஜெட்டை நடுவில் நிறுத்துவதும் முக்கியம். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று சத்தம் கேட்டு உட்கார வேண்டும்.

கடைசியாகத்தான் டியூனிங். ஜெட்டை மேலே சமமாக வைத்து, அங்கிருந்து நட்டை 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று கீழே இறக்கணும். இன்ஜின் சூடானதும் பிஸ்டனை ஒரு மி.மீ. அளவு மட்டும் தூக்கிப் பார்க்கலாம்:

* வேகம் லேசாகக் கூடி அடங்கினால்: கலவை சரி.
* கூடிக்கொண்டே போனால்: பெட்ரோல் அதிகம்.
* குறைந்து அணைந்தால்: பெட்ரோல் குறைவு.

எம்.ஜி. மாதிரி இரட்டைக் கார்புரேட்டர் இருந்தால் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் பிடித்து 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி வைப்பார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரியேதான்!

எச்சரிக்கை!

பெட்ரோல் ஆவி தீப்பொறிக்குக் காத்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றி, திறந்த வெளியில், பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டும் செய்யணும். பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது. சூடான இன்ஜினில் கசிவு பார்க்கப் பெட்ரோல் தெளிப்பதும் கூடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய், வாஷர்களை அதற்கு ஏற்றதாக மாற்றிவிடுவது நல்லது.

உங்களுக்குத் தெரியுமா?

* எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. 1910-ல் கம்பெனியான இதைத் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம். ஆரம்பக் கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தி இருந்தது!
* அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது.
* 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்ததும், புது பைக்குகளிலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது.

"அப்படின்னா இதைப் படிச்சு என்ன லாபம்?" என்று கேட்கலாம். மாமா காருக்குப் புஷ் அடித்தாயிற்று, ஜெட் நட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாயிற்று. இப்போது சிக்னலில் அமைதியாக நிற்கிறது. ஆனால் நான் கற்றது கார் பாடம் மட்டும் இல்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால் கடைசி வரியை மட்டும் அழித்து எழுதுகிறோமே, அதுவும் திருகாணி வைத்தியம்தான்! தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று தேடணும். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொன்ன முறையும் இதுதானே: நோயை அறி, காரணத்தை அறி, பிறகு மருந்து கொடு.

மூளைக்கு வேலை

1. திருட்டுக் காற்று வேகத்தில் தெரியாமல், நிற்கும்போது மட்டும் ஏன் தெரிகிறது?
2. ஓட்டை 8.3 மி.மீ. ஆனால் நான்கு முனையின் மொத்த இடைவெளிப் பரப்பு எவ்வளவு?
3. டாஷ்பாட்டில் ஆயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

விடைகளை எழுதி இயற்பியல் ஆசிரியரிடம் கொடுங்கள். சரியான விடை எழுதுவோர் பெயர் அடுத்த இதழில் வரும்.



— பதினொன்றாம் வகுப்பு மாணவன்