சிறு விளக்கின் பெரும்பணி
சொந்தமாகக் கட்டிய மகிழுந்தில் மின்கலம் மின்னேற்றம் பெறவில்லையா? உடனே புதிய ஆல்டர்னேட்டர் வாங்கப் பணத்தைச் செலவிடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். முழு மின்னேற்றம் பெற்ற மின்கலம், இயந்திரம் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு உயர வேண்டும். உயராவிட்டால், முகப்பிலுள்ள மின்னேற்ற எச்சரிக்கை விளக்கைக் கவனியுங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் காந்தப்புலத்தைத் தொடக்கி வைக்கும் மின்னோட்டம் அதன் வழியாகவே செல்கிறது. 2 வாட் குமிழ்விளக்கு ஏறத்தாழ 170 மில்லியாம்பியர் கொடுக்கும். அழகுக்காக மாட்டிய எல்.இ.டி.யோ 20 மில்லியாம்பியர் அளவே கொடுக்கும். விளக்கு எரியும், ஆல்டர்னேட்டர் விழிக்காது! குமிழ்விளக்கையே மீண்டும் மாட்டி அளந்து பாருங்கள். இயந்திரம் ஓடுகையில் மின்கலத்தைக் கழற்றிச் சோதிப்பது மட்டும் வேண்டாம், ஆல்டர்னேட்டரே பழுதாகிவிடக்கூடும். அளந்தபின் வாங்குவதே அறிவுடைமை.