அம்மாவுக்கும் ஷிப்ட் உண்டு

வீட்டைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்பதை மலேசியச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி, இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 838) நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 120 வெள்ளி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கட்ட வேண்டும். 55 வயது நிறையாத பெண்கள் சேரலாம். முழுநேரமாக வீட்டைக் கவனிக்கிறவருக்கும் உண்டு, வெளியே வேலைக்குப் போய்க்கொண்டே கவனிக்கிறவருக்கும் உண்டு. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கை வெந்தாலும், துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி இடுப்பு உடைந்தாலும் மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. நிரந்தர ஊனத்துக்கும், உழைக்க முடியாத அளவுக்கு நோய் வந்தாலும் உதவித்தொகை உண்டு. டயாலிசிஸ் உதவியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் இதில் அடங்கும்.

மலாக்காவின் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான். கோயில் சந்தாவை எந்த ஒழுங்கோடு கட்டுகிறீர்களோ, அதே ஒழுங்கோடு இந்த 120 வெள்ளியையும் கட்டுங்கள். டிசம்பரில் கிறிஸ்மஸ் துணி எடுக்கப் போவதற்கு முன்னால் இதை முடித்துவிட்டால் மறக்காது. பாதுகாப்பு பன்னிரண்டு மாதத்துக்குத்தான். ஒரு வருடம் விட்டுவிட்டால் அந்த வருடம் விழுந்த காயத்துக்குக் கேட்க முடியாது.

சொக்சோவுக்குப் போகிற அதே நாளில் இன்னொரு காரியத்தையும் பாருங்கள். கணவரின் ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) கணக்கில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது? கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு, அப்புறம் மாற்றாமலே இருக்கும் ஆண்கள் நிறையப் பேர். முஸ்லிம் அல்லாதவர் கணக்கில் பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் போகும். உயில் எழுதாமல் கணவர் இறந்து, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால், 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி வீட்டிலும் மற்ற சொத்திலும் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. இருபது வருடம் சமைத்துப் பிள்ளை வளர்த்தவர் கைக்குச் சம்பளம் என்று எதுவும் வந்ததில்லை. அவருடைய ஓய்வுக்காலம் இ.பி.எஃப். வாரிசுப் படிவம், உயில் என்ற இந்த இரண்டு காகிதங்களில் இருக்கிறது.

தோட்டத்தில் இருந்தது, தாமானில் இல்லை

புக்கிட் அசஹானிலோ டைமண்ட் ஜூப்ளியிலோ பால்மரம் வெட்டிய பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடினார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டார். வறுமை இருந்தது, முதுகு ஒடிகிற உழைப்பு இருந்தது. அதைப் பொற்காலம் என்று பேச எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்புக்குப் பல கைகள் இருந்தன, பாட்டியின் பெயரில் ஒரு சம்பளமும் இருந்தது.

தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கால், செங் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு அந்தக் கைகள் கலைந்துவிட்டன. கேட் பூட்டிய வீட்டுக்குள் ஒரே பெண், இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். அவருடைய வேலைநேரம் எத்தனை? தொழிற்சட்டம் வெளி வேலைக்கு வாரம் 45 மணிநேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. வீட்டுக்கு அப்படி எல்லை இல்லை. ஆகவே ஒரு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள்: எழுந்த நேரம், சமைத்த நேரம், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது, கிளினிக், துணி, படுத்த நேரம். கணவரையும் அதே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். சண்டைக்காக இல்லை. எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேச ஒரு கணக்கு வேண்டும்.

செபத்தை எங்கே வைப்பது?

சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் முழங்காலில் இருந்து செபமாலை சொல்வது, பாயை விரித்துப் பாட்டுப் பாடி வேதம் வாசிப்பது, இவையெல்லாம் மதியமே வேலை முடிந்து திரும்பிய தோட்டத்து நாளுக்குப் பொருந்திய வழக்கம். பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் அப்பா 12 மணிநேர ஷிப்ட், மகள் ஆயர் குரோவில் ஹோட்டல் வேலை, மகனுக்கு டியூஷன் என்று ஆன வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு யாரும் இல்லை. அம்மா மட்டும் இருக்கிறார். எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பது, போனை வாங்கி வைப்பது, முகம் சுளிப்பவரைச் சமாதானம் செய்வது என்று செபமே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

மாத ஆரம்பத்தில் "என்னங்க, ரோஸ்டர் வந்துருச்சா?" என்று கேட்டு வாங்குங்கள். ஷிப்டில் வேலை செய்பவரின் ஓய்வுநாள் பட்டியலை அந்த மாதம் தொடங்குமுன் முதலாளி தயார் செய்ய வேண்டும் என்பது தொழிற்சட்டம். பட்டியலை ஐஸ்பெட்டியில் ஒட்டுங்கள். எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். வாரத்தில் இரண்டோ மூன்றோ இடம் கிடைக்கும். அதுதான் அந்த மாதத்தின் குடும்பச் செபம். பத்து நிமிடம் போதும். மற்ற நாளில், ஃபேக்டரி பஸ் ஏறப் போகிறவரின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவதே செபம்.

நடத்துகிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இதற்கு நம் மண்ணிலேயே பழைய முன்மாதிரி இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி 1545-இல் மலாக்கா வந்த பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன் தமிழகத்து முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் ஆக்கிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரிக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாசகத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியும். அந்தப் பத்து நிமிடம் அம்மா சும்மா உட்கார்ந்து கேட்கட்டும்.

ஞாயிறு வேலை விழுந்தால், கத்தோலிக்கருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபையினர் போதகரிடம் ரோஸ்டரைக் காட்டி, வாரநாள் வீட்டுக் கூட்டத்தைத் தங்களுக்கு ஏற்ற நாளில் வைக்கக் கேட்கலாம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை: திருப்பலிக்குப் போக முடியாமல் போனதற்காகக் குற்றவுணர்வில் வாட வேண்டாம். பச்சைக் குழந்தையைப் பராமரிப்பது அந்தக் கடமைக்கு விலக்குத் தரும் காரணம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 2181) சொல்கிறது.

பெரிய வெள்ளிக்கு மலாக்காவில் பொதுவிடுமுறை இல்லை. சபா, சரவாக்கில்தான் உண்டு. 1710-இல் கட்டிய செயின்ட் பீட்டர் கோயிலின் பவனிக்கு மாலையிலேயே இடம் பிடிக்க நினைப்பவர்கள் வருடாந்திர விடுப்பை ஜனவரியிலேயே எழுதிக் கொடுங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடம் 8 நாள், ஐந்து வருடத்துக்குள் 12, அதற்கு மேல் 16 என்பது சட்டம் தரும் குறைந்த அளவு. அதில் ஒன்றை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

ஆண்களுக்கு

அன்னையர் தினம் வந்தால் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை எடுத்து, விடியுமுன் எழும் பெண்ணைப் புகழ்ந்து பிரசங்கம் செய்வது வழக்கம். அதே அதிகாரத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள். அவள் நிலம் பார்த்து வாங்குகிறாள், துணி நெய்து விற்கிறாள், பணத்தைத் தானே கையாளுகிறாள். அவள் உழைத்ததன் பலன் அவளைச் சேர வேண்டும் என்றுதான் அதிகாரம் முடிகிறது. உதவிக்கு ஆளும் கையில் பணமும் இல்லாத பெண்ணிடம் இந்த அதிகாரத்தை நீட்டி, இன்னும் சீக்கிரம் எழுந்திரு என்று சொல்வது நியாயமில்லை.

பிரசங்கிகள் இன்னும் அடிக்கடி எடுக்க வேண்டியது யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் என்பது என் கருத்து. இரவெல்லாம் வலை வீசிக் களைத்துக் கரைக்கு வரும் சீடர்களுக்காக, உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். சாப்பிட வரச் சொல்லித் தாமே பரிமாறுகிறார். இரவு வேலை முடிந்து வந்தவர்களுக்கு அவர் காலைச் சாப்பாடு செய்திருக்கிறார். சமையலறைக்குள் போக இதைவிட என்ன அழைப்பு வேண்டும் ஓர் ஆணுக்கு?

2023 ஜனவரி 1 முதல் அப்பாவுக்கும் பிரசவ விடுப்பு உண்டு: தொடர்ந்து ஏழு நாள், சம்பளத்தோடு, ஐந்து பிரசவம் வரை. அதே முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும், முப்பது நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அந்த ஏழு நாளையும் வந்து போகும் சொந்தக்காரர்களோடு பேசியே கழித்துவிடாதீர்கள். மருந்துக் குழம்பு வைக்கவும், மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பவும் கற்றுக்கொள்ள அதுதான் சமயம். மனைவிக்குச் சட்டம் தரும் 98 நாள் விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

மறுபடி வேலைக்குப் போவதா?

குழந்தை பார்க்கும் செலவே சம்பளத்தைத் தின்றுவிடும், வீட்டிலேயே இரு என்பார்கள். கணக்கைச் சரியாகப் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எஃப்.புக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோவும் கொஞ்சம் போகும். கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. அதில் குழந்தைச் செலவையும் பயணச் செலவையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம்தான். ஆனால் முதலாளி 13 விழுக்காடு, 221 வெள்ளி சேர்க்கிறார். ஆக மாதம் 408 வெள்ளி உங்கள் பெயரில் ஏறுகிறது, வருடத்துக்கு 4,896. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைச் செலவு அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் போக வேண்டிய கடனும் இல்லை. பிள்ளை இருவருக்கும்தான்.

நேரம்தான் தடை என்றால், வேலையில் சேர்ந்த பிறகு வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடிதத்தில் பிள்ளைகளின் பள்ளி நேரத்தையும், நீங்கள் வரக்கூடிய நேரத்தையும் தெளிவாக எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வில் "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் தலை குனிய வேண்டாம். மறைக்கல்வி வகுப்பில் எத்தனை பிள்ளைகளை எத்தனை வருடம் நடத்தினீர்கள், திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை பேருக்குச் சமையல் ஏற்பாடு செய்தீர்கள், அன்பியத்தின் (அக்கம்பக்கச் செபக் குழுவின்) பணத்தை எப்படிக் கணக்கு வைத்தீர்கள் என்று எண்களோடு சொல்லுங்கள். அது அனுபவம்தான்.

வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், கிறிஸ்மஸ் கேக் விற்பவர்கள், தொழில் தொடங்கி 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் வருடம் 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. உணவு கையாளுவோர் பயிற்சியும் டைஃபாய்டு ஊசியும் கட்டாயம். விலை போடும்போது மாவு, எண்ணெய், கேஸ் கணக்கோடு உங்கள் மணிநேரத்தையும் சேருங்கள். கோயில் மண்டபத்தில் விற்கிறோம், தெரிந்தவர்கள்தானே என்று கூலியை விட்டுக்கொடுத்தால் ஜனவரியில் கைவலி மட்டும்தான் மிஞ்சும்.

பாதுகாப்பு

அடி விழும் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் "சிலுவையைச் சும, பொறுத்துப் போ" என்று சொல்வது பாவம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. சமூகநல அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு ஆணை ஏழு நாள் செல்லும். உதவிக்கு அழைக்க வேண்டிய தாலியான் காசே தொலைபேசி எண் 15999. உடலுக்கோ மனத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே (எண் 1153) அனுமதிக்கிறது. பாதரிடமும் பாஸ்டரிடமும் போவதற்கு முன்னால் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

அன்பியத்திடம் கேளுங்கள்

தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபை 1976-இல் தொடங்கிய புத்தாக்கத்துக்குப் பிறகு அன்பியங்களை, நாம் பி.இ.சி. என்று சொல்லும் அக்கம்பக்கக் குழுக்களை, முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. வீடு வீடாகச் செபக் கூட்டம் நடக்கிறது, டீயும் மீகூனும் வருகின்றன. அந்த டீயையும் அதே வீட்டு அம்மாதான் போடுகிறார். அடுத்த கூட்டத்தில் நான்கு காரியம் பேசுங்கள். பலகாரம் வேண்டாம், வெந்நீர் போதும் என்று முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை காலையில் யார் வீட்டில் யார் பிள்ளைகள் இருப்பது என்று ஒரு பட்டியல் போடுங்கள். படுக்கையில் இருக்கும் முதியவரோடு வாரம் இரண்டு மணிநேரம் உட்கார ஒருவரை நியமியுங்கள். குழுவில் யாருக்கெல்லாம் சொக்சோவின் 120 வெள்ளி கட்டப்படவில்லை என்று கேட்டு, முடியாதவருக்குக் காணிக்கைப் பணத்திலிருந்து கட்டிவிடுங்கள்.