கந்தல் கோட்டுக்காரனின் கம்பீரம்

கேள்வி: சுவீடன் நாட்டுக் கேலிச்சித்திரங்களைப் பார்க்க ஆசை. யாரிடமிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோமிடமிருந்து தொடங்குங்கள். 1869-இல் ஸ்மோலாந்து பகுதியில் பிறந்த இவர், கோத்தன்பர்க்கில் ஓவியர் கார்ல் லார்சனிடம் பயின்றார். 1897-இல் ‘ஸ்ட்ரிக்ஸ்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். குடியானவர்கள், மீனவர்கள், பாதிரியார்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள் என எல்லோரும் அவர் பேனாவில் அகப்பட்டார்கள்.

அவரது புகழ்பெற்ற பாத்திரம் கோலிங்கன். ஸ்டாக்ஹோம் தெருக்களில் திரியும் குடிகார நாடோடி. நசுங்கிய தொப்பி, கந்தல் கோட்டு. ஆனால் நிற்கிற தோரணையோ ஒரு கனவானுடையது! படத்துக்குக் கீழே ஓரிரு வரி உரையாடல், அவ்வளவுதான். முகத்தையும் உடல்வாகையும் பார்த்தாலே ஆள் யாரென்று புரிந்துவிடும். ஏழையின் வாய்த்துடுக்கு பெரிய இடத்துப் பகட்டைக் கிழித்துக் காட்டும்.

1922-இல் சுவீடிஷ் அகாடமி அவரை உறுப்பினராக்கியது. நோபல் இலக்கியப் பரிசைத் தீர்மானிக்கும் அதே சபைதான். நல்ல எழுத்தாளராகவும் இருந்தார் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. யூதர்களை இழிவுபடுத்தும் படங்களையும் அவர் வரைந்தார். அக்காலச் சுவீடன் நகைச்சுவை இதழ்களில் அது சகஜம் என்பது சமாதானம் ஆகாது.

அடுத்து, 1906-இல் 29 வயதிலேயே மறைந்த ஓஸ்கார் ஆண்டர்சனைப் பாருங்கள். மனதில் தோன்றியதை அப்படியே செய்துவிடும் மனிதனைப் படத்தொடராக வரைந்தவர் அவர்.

வலியவனைச் சீண்டும்போதுதான் கேலிச்சித்திரம் உயர்கிறது. எளியவனை மிதிக்கும்போது தாழ்கிறது. எங்ஸ்ட்ரோமிடம் இரண்டும் உண்டு. முன்னதை ரசியுங்கள், பின்னதை மறுத்துவிடுங்கள்.