அட்டை மட்டும் இருந்தால் ஓட்டுப் போட முடியாது

தேர்தல் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி உலா வரத் தொடங்கிவிடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கவலை வேண்டாமாம். ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ காட்டி 49ஏ பிரிவில் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்கலாமாம். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். 2019 மக்களவைத் தேர்தலின்போதே பொய்யென்று அம்பலமான சரக்கு இது. இன்னும் விலைபோகிறது.

தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் அமைப்பைப் பற்றிப் பேசுகிறது. சேலஞ்ச் செய்வது வாக்காளரே அல்ல, பூத் ஏஜெண்ட். ‘இவர் அந்த ஆள் இல்லை’ என்று சந்தேகப்பட்டால், அவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆம், இன்றைக்கும் அதே இரண்டு ரூபாய்தான்!

டெண்டர் ஓட்டு நிஜம். ‘சர்கார்’ படத்தால் பிரபலமான 49பி (49P) அதுதான். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் வேறொருவர் உங்கள் ஓட்டைப் போட்டுவிட்டார் என்றால் மட்டுமே இது பொருந்தும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் ஒரு வாக்குச்சீட்டு தருவார்கள். இயந்திரத்தில் பட்டனை அழுத்த முடியாது. சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, அவரிடமே கொடுக்க வேண்டும். அது தனி உறைக்குள் போய்விடும். வாக்கு எண்ணிக்கையன்று அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். வழக்கு நடந்து நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு உயிர். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை.

பட்டியலில் பெயரே இல்லையென்றால், அட்டை இருந்தாலும் ஓட்டுப் போட முடியாது. வேட்புமனுவுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால், தேர்தல் முடியும்வரை பட்டியலில் கை வைக்கச் சட்டமே தடை போடுகிறது. பூத் அதிகாரியிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

அதற்காகத் தேர்தல் ஆணையத்தின்மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெயரை நீக்கும்முன் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். வீடு மாறியவருக்கு அதற்கான நோட்டீஸ் பழைய வீட்டுக்கல்லவா போகும்? பீகாரில் 2025 வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வரைவுப் பட்டியலில் இடம்பெறாத சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. யாரும் கேட்காமலே செய்திருக்க வேண்டிய வேலை அது. வதந்தியை மறுப்பதைவிட, நீக்கிய பெயர்களைத் தெருவாரியாக ஒட்டி வைப்பது ஆணையத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

பெயர் இருக்கிறதா என்று இன்றே 1950 என்ற எண்ணில் கேளுங்கள். இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறியிருந்தால் படிவம் 8. வாக்குப்பதிவு நாள் காலைவரை தள்ளிப்போடாதீர்கள்.