கமலாலயக் கரையில் எழுந்த வழக்கு

இயற்கைப் பொருள்களிடத்து மக்கள் அன்பும் மதிப்பும் உடையராதல் வேண்டும் என்பதிற் சமயங்கள் தம்முட் பெரிதும் மாறுபடுவன அல்ல. அவ்வன்பு யாது செய்யும் என்னுமிடத்தேதான் மாறுபாடு எழுகின்றது. தீண்டாது விடுதல் அன்போ, கைதொட்டுப் பேணுதல் அன்போ? சோழநாட்டில் இவ்வினா ஒரு குளக்கரையிலேயே வழக்காடப்பட்டது. தண்டியடிகள் நாயனார் புராணத்துட் சேக்கிழார் பெருமான் அதனை அமைத்து வைத்துள்ளார். அடிகள் கண்பெற்ற அற்புதத்தின்பொருட்டே நம்மனோர் அப்புராணத்தைப் பெரும்பாலும் ஓதுகின்றனர். இடையில் நிற்கும் வழக்கினை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வழக்கே ஈண்டு ஆராயற்பாலது.

திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்பாலுள்ளது கமலாலயத் திருக்குளம். கோயிலும் குளமும் செங்கழுநீரோடையும் தனித்தனியே ஐவேலிப் பரப்பின என்பது அவ்வூரார் சொல்வழக்கு. ஐவேலி என்பது ஏறத்தாழ 33 ஏக்கராகும். இத்துணைப் பெரிய குளத்தின் பக்கங்களிற் சமணர் பாழிகள் நெருங்கி இடம் குறைந்து போயிற்று. பிறவியிலேயே புறக்கண்ணொளி இல்லாதவராகிய அடிகள் அதனை உணர்ந்து, குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றாற் பிணித்து, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் ஏற்றிக் கரைக்குக் கொணர்ந்தார். சமணர் வந்து, மண்ணைத் தோண்டினாற் சிற்றுயிர்கள் மாயுமாகலின் அவற்றை வருத்துதல் வேண்டா என்றனர். இது சிவபெருமானுக்குச் செய்யும் திருத்தொண்டு, இதன் பெருமையை நீவிர் அறியமாட்டீர் என்றார் அடிகள். சொல் வளர்ந்து பூசலாயிற்று. தறியும் கயிறும் பறிக்கப்பட்டன. பின்னர் நிகழ்ந்தன யாவரும் அறிந்தனவே.

சமணர் கூற்றை வெறும் சூழ்ச்சியென்று தள்ளிவிடுதல் எளிது. தம் பாழிகளைக் காக்கவே அவ்வாறு கூறினர் என்று கொள்வாரும் உளர். அது மெய்யாயினும் ஆகுக. ஆயினும் அக்கூற்று அவர்தம் ஆகமத்தோடு முரணுவதன்று. மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையுமே உடம்பாகவுடைய ஓரறிவுயிர்கள் உள என்பது ஆருகதர் கொள்கை. நிலத்தை அகழுந் தொழிலும் நீர்நிலையை வற்றச்செய்யுந் தொழிலும் இல்லறத்தாருக்கும் விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களுள் எண்ணப்படும். தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் தஞ்சைக் கரந்தையிலும் அவர்தம் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஆகலின், அவர் வினாவுக்கு விடை கூறுங்கால் அயலாரோடன்றி நம் ஊராரோடு பேசுகின்றோம் என்னும் நினைவு வேண்டும்.

நம் கொள்கை யாதெனின், பிருதிவி முதலிய தத்துவங்கள் மாயையின் காரியங்கள், சடப்பொருள், உயிரல்ல. ஆயினும் அவை பொய்த்தோற்றமும் அல்ல. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர்கள் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் அவற்றைத் தனு கரண புவன போகங்களாக ஆக்கி அளிக்கின்றனன். எனவே மண்ணை வெட்டுதல்தானே ஓருயிரை வெட்டுதலாகாது. புல்லும் மரமும் உயிருடையன என்பதும், மண்ணுள் வாழும் புழுவும் நண்டும் நம்மைப்போல் வினைக்கீடாக உடம்பெடுத்தன என்பதும் நமக்கும் உடன்பாடே. நிலம் நீர் தீ வளி விண் ஞாயிறு திங்கள் ஆன்மா என்னும் எட்டும் இறைவனுக்குத் திருமேனியாதலும் நம் நூல்கள் முழங்குவது. அதனால், மண்ணைச் சிவமென்று கொள்ளாது, மண்ணில் உடனாய் நிற்கும் சிவத்தைக் கொள்ளுகின்றோம். கணமங்கலத்துத் தாயனார் தளர்ந்து வீழ்ந்தபொழுது இறைவன் திருக்கை நீண்டது வயலின் கமரினின்றன்றோ! காஞ்சியோடு ஆரூரையும் பிருதிவித் தலமாகக் கூறும் வழக்கும் உண்டு; மண்ணே திருமேனியாக வணங்கப்படும் ஊரிலேதான் அடிகள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

பிற சமயத்தார் கருத்தைச் சுருங்கக் கூறுவாம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக விடப்பட்டது. பௌத்தத் துறவி தன் கையால் நிலத்தை அகழ்தல் குற்றமென்று விநயம் விலக்குகின்றது. கிணறு தோண்டிச் சோலை வளர்க்கும் இல்லறத்தானுக்கோ இரவும் பகலும் புண்ணியம் பெருகும் என்று அவர்தம் சூத்திரமே புகழ்கின்றது. அரங்கத்தைப் போற்றும் வைணவர் சித்தும் அசித்தும் இறைவனுக்கு உடம்பென்பர். நாகூரைச் சூழ வாழும் இசுலாமியர், மனிதன் நிலத்துக்கு உடையவனல்லன், இறைவனாற் பொறுப்பளிக்கப்பட்டவன் என்பர். நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்னினும் அது நட்டவனுக்கு அறமாகும் என்பது நபிகள் மொழியாக அவர் போற்றுவது. வேளாங்கண்ணியிலும் தரங்கம்பாடியிலும் ஓதப்படும் விவிலியத்தில், முதல் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்திக் காத்தற்பொருட்டு என்று காண்கின்றோம். இது தண்டியடிகள் பக்கத்து நிற்கும் கருத்தென்றே எமக்குத் தோன்றுகின்றது.

காவிரிநாட்டில் இவ்வழக்கு ஏன் இத்துணை இன்றியமையாததாகின்றது? இந்நாட்டு இயற்கை தானே விளைந்ததன்று என்பதனாலென்க. கல்லணையிற் பிரியும் நீர் வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கி எனக் கிளைத்து, வாய்க்காலாய், கன்னியாய்க் கடைமடை சேர்வது ஆண்டுதோறும் கைகள் தூர்வாரினாலன்றி நிகழாது. ஓராண்டு கைவிட்டால் வெங்காயத்தாமரை மூடும்; ஈராண்டு விட்டால் மதகு தூர்ந்துபோம். அப்பொழுது மாய்வன மண்ணுட் சிற்றுயிர் மட்டுமல்ல. மீனும் தவளையும் நாரையும் கன்றுகாலிகளும் கடைமடை உழவனும் ஒருங்கே வருந்துவர். இப்பணியைக் குடிகள் கூடிச் செய்தல் குடிமராமத்து எனப்பட்டது. 1858-இல் இயற்றப்பட்ட சென்னைச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. கட்டாயத்தாலும் அது நிலைத்திலது. 2017-இல் அரசு அப்பெயராலே பணியை மீளத் தொடங்கிற்று. தொண்டாக இருந்தது வரியாகி, வரியாக இருந்தது ஒப்பந்தமான கதை இது.

இனி, சிவத்தொண்டு என்றமையால் உயிர்க்கேடு இல்லையாய்விடுமோ எனின், அற்றன்று. ஈசனிடத்தும் அடியாரிடத்தும் எவ்வுயிரிடத்தும் தன்னிடத்தும் கொள்ளும் அன்பினை அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் ஒன்றோடொன்று பிணித்தே ஓதினார். அவற்றுள் ஒன்றை விடுத்து ஏனையவற்றைக் கொள்ளுதல் இயலாது. மண்ணெடுப்பார் யாவரும் தம்மைத் தண்டியடிகள் மரபினர் என்று கூறிக்கொள்ளுதலும் கூடாது. அடிகள் எடுத்த மண் கரையிலே கொட்டப்பட்டது. வண்டியேறி விலைக்குப் போகவில்லை. ஆற்றின் வயிற்றை அகழ்ந்து மணல் விற்பதும் தோண்டுதலே, குளத்தைத் தூர்வாருவதும் தோண்டுதலே. முன்னது புவனத்தைப் பிற உயிர்களினின்று பறித்தல், பின்னது அவற்றுக்கு மீட்டளித்தல். 1836-இல் எழுந்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் 2018 ஆகத்து 22-ஆம் நாள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபொழுது, மிகுதியாக மணல் எடுத்தமையும் அதற்கு ஏது என்று பலர் கூறினர். இத்தகைய அகழ்வின் முன் அன்று அச்சமணர் நின்று தடுத்திருப்பின், யாம் அவர் பக்கத்தே நிற்பேம்.

மற்றொன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. அன்று குளத்தைக் குறைத்தவர் புறச்சமயத்தார் என்று புராணம் கூறிற்று. இன்று சோழநாட்டுத் திருக்குளங்கள் பலவற்றின் கரைகளில் ஏறியிருக்கும் கடைகளும் வீடுகளும் யாருடையன? வருவாய்க்காலை அடைத்து மனையாக்கினோர் யார்? அவருள் திருநீறிட்ட நெற்றியரும் பலர். அவர்க்கு முன் நின்று தறி நடுவார் யாரையும் காண்கின்றிலேம். குளம் குறைந்ததைக் கண்ணில்லாதவர் அறிந்தார். கண்ணுடையோம் அதன் கரைவழியே நாடோறும் திருக்கோயிலுக்குச் செல்கின்றோம்.

குளங்களின் பழைய எல்லை நில அளவைப் பதிவேடுகளிற் கிடைக்கும். மேட்டூர் நீர் சூன் 12-ஆம் நாள் திறக்கப்படுதல் வழக்கமாகலின், அதற்கு முன் சித்திரை வைகாசித் திங்களில் நீர் வற்றியிருக்குங்கால் அளத்தலும் தூர்வாருதலும் எளிதாம். குளங்களை உடைய கோயிலாரும் மடத்தாரும் எல்லைக்கு ஒரு தறியேனும் நடுவாராக. தோண்டத் தொடங்குமுன் ஈசானிய மூலையில் ஒரு குழியளவு நீரை நிறுத்தி, மீனும் ஆமையும் அதனுள் ஒதுங்கியபின் மண்வெட்டியை எடுப்பின், கமலாலயக் கரையில் அன்று கேட்கப்பட்ட வினாவுக்கும் விடை கூறியதாகும்.